உப்புப் பார்ப்பவள்

சர்க்கரை வியாதி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். மூலம் இருக்கிறது என்றுகூடக் கூசாமல் சொல்லிவிடுவார்கள். பொறாமை இருக்கிறது என்று வாய் திறந்து சொன்ன ஒரு மனிதரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! சுகந்தியும் சொன்னதில்லை. ரெபெக்கா என்ற பெயரைக் கேட்டாலே அவளுக்கு அடிவயிறு கபகபவென்று எரியும். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் ‘தொழில் மீதான அக்கறை’.

அன்று காலையும் எரிந்தது. காரணம் அவள் அம்மாதான். சரவணம்பட்டி வீட்டு ஹாலில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அம்மா போனில் ‘பந்தி’ விளையாடிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாற வேண்டும். மாப்பிள்ளை வீட்டு மாமாவுக்கு ரசம் வரத் தாமதமானால் கல்யாணமே நின்றுவிடும். அவ்வளவுதான் கேம். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் விளையாடினார்கள். அதைச் செய்தவள் ரெபெக்கா.

“இருநூத்திப் பன்னெண்டாவது கல்யாணம் முடிஞ்சுது கண்ணு. உன்ற கூட்டாளி என்னமா பண்ணியிருக்கறா பாரு!”

“நானுந்தாம்மா கேம் பண்றேன்.”

“அதையும் வெளையாண்டு பார்த்தனே. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது எங்க இருக்குதுன்னு தேடறதுக்குள்ள பாலு பொங்கிருது.”

அம்மா சொன்னதில் பொய் இல்லை. புதுப் போன் வாங்கினால் அதிலேயே ‘அரங்கு’ என்ற வெளியீட்டு நிறுவனத்தின் அலமாரி இருக்கும். அந்த அலமாரியில் இடம் கிடைத்த கேம் கோடிப் பேர் கைக்குப் போகும். கிடைக்காத கேம் எங்கோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். சுகந்தி தனியாகச் செய்த முதல் கேமை இறக்கிக்கொண்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள்.

ஒரு காலத்தில் ரெபெக்காவும் அவளும் ஒரே அறையில், ஒரே டேபிள் ஃபேன் அடியில் கேம் செய்தார்கள். நாகர்கோவிலிலிருந்து பீளமேட்டுக் கல்லூரிக்குப் படிக்க வந்தவள் ரெபெக்கா. படிப்பு முடிந்த பிறகும் ஊருக்குப் போகாமல் சுகந்தியோடு சேர்ந்துகொண்டாள். சத்தங்களை விலை கொடுத்து வாங்க வசதி இல்லாததால் வேலை நடக்கும்வரை வாயாலேயே சத்தம் கொடுத்துப் பதிவு செய்துகொள்வார்கள். காக்கா, குக்கர் விசில், சைக்கிள் பெல்லெல்லாம் ரெபெக்கா. துருப்பிடித்த கதவு திறக்கும் ‘க்ர்ர்ரீஈஈச்’ மட்டும் சுகந்தி. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேம் வெளிவரும் முன் கடைசி வேலை, எல்லா வாய்ச்சத்தங்களையும் தேடி எடுத்துவிட்டு நிஜச் சத்தங்களைப் போடுவது. அது முடிந்தால்தான் முட்டை பப்ஸ் வாங்கித் தின்பது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

அரங்கு முதலீடு தருகிறேன் என்று வந்தபோதுதான் பிரிந்தார்கள். அரங்கின் நிபந்தனை ஒன்றுதான்: கேமை முதலில் ‘கூட்டம்’ விளையாட வேண்டும். கூட்டம் என்றால் நிஜ மனிதர்கள் இல்லை, கணினிக்குள் இருக்கும் ஐம்பது லட்சம் நிழல் ஆட்டக்காரர்கள். ஒரு மணி நேரத்தில் விளையாடி முடித்து நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுவிடுவார்கள். எழுபதுக்கு மேல் வந்தால் பணமும் அலமாரியும் கிடைக்கும். வராவிட்டால் வாசல் வரை வந்து வழியனுப்பக்கூட ஆளிருக்காது.

“என்ற கேமை மனுசங்க வெளையாடட்டும். நெழலுக்கெல்லாம் நான் காட்ட மாட்டேன்” என்றாள் சுகந்தி.

“ஏட்டி, மனுஷன் கைக்குப் போகணும்னா அந்த நெழலத் தாண்டித்தான் போகணும், கேட்டியா” என்றாள் ரெபெக்கா. கையெழுத்துப் போட்டாள். ஒன்றரை வருடத்தில் ‘பந்தி’ வந்தது. அதைத்தான் சுகந்தியால் செரிக்க முடியவில்லை. பொள்ளாச்சியில் அவளுடைய சித்தப்பா மகள் கல்யாணத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது, “இதையே ஒரு கேமா பண்ணலாம்டி” என்று சொன்னது யார்? சுகந்திதான். சொன்னதோடு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு மறந்துபோனாள் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

ரோஷமெல்லாம் எத்தனை நாளைக்கு? அவளை நம்பி வேலை செய்த மூன்று பேருக்குப் பொங்கலுக்கு மேல் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனபோது, அவளும் தன் ‘நாற்பது வளைவு’ கேமைக் கூட்டத்துக்குக் காட்டினாள். வால்பாறை மலைப்பாதையில் ஏறும் ஒரு பஸ், நாம்தான் கண்டக்டர். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் யாரை எங்கே உட்கார வைப்பது, யார் சண்டையை எப்படித் தீர்ப்பது என்பதுதான் ஆட்டம். பாதிதான் முடித்திருந்தாள். நாற்பத்தாறு மார்க் வந்தது.

நான்காம் நாள் அரங்கிலிருந்து ஹரிபிரசாத் கூப்பிட்டான். கேம்களைத் தேர்வு செய்யும் பிரிவின் மேலாளர். அவினாசி சாலை அலுவலகத்தில், குளிரூட்டி நடுங்க வைக்கும் அறையில் காபி கொடுத்துப் பேசினான்.

“மேடம், நாப்பத்தாறுனு வருத்தப்படாதீங்க. உங்களுக்கு வேற ஒரு யோசனை வெச்சிருக்கேன். கூட்டத்துல அம்பது லட்சம் நிழல் இருக்கு. ஆனா அதுங்களுக்கு ரசனைனு ஒண்ணு தானா வராது. யாராவது கத்துக்குடுக்கணும். ஒவ்வொரு வருஷமும் ஒரு நல்ல கேம் டெவலப்பரைக் கூப்பிட்டு மூணு நாள் விளையாட விடுவோம். கையில ஒரு பட்டை கட்டுவோம். நாடி, மூச்சு, விரல் நடுக்கம், நீங்க குடுக்கிற மார்க், எல்லாத்தையும் அது எடுத்துக்கும். அதை வெச்சு உங்களை மாதிரியே ஒரு தலைநிழல் பண்ணுவோம். அதைப் பார்த்து மத்த நிழலுங்க கத்துக்கும். எங்க ஆபீஸ்ல இவங்களை உப்புப் பாக்குறவங்கனு சொல்லுவோம்.”

“நானே நாப்பத்தாறு மார்க். நான் எதுக்குங்க உப்புப் பார்க்க?”

“சமைக்கறது வேற, ருசி தெரியறது வேற மேடம். உங்களுக்கு ருசி தெரியும்னு ரெபெக்கா மேடமே சொல்லியிருக்காங்க.”

எரிந்தது. அவள் சிபாரிசு செய்துதானா இந்த வாய்ப்பு? எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஹரிபிரசாத் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டாள். உப்புப் பார்த்துக் கொடுத்தால் ‘நாற்பது வளைவு’ முடியும்வரை அரங்கே செலவைப் பார்த்துக்கொள்ளும். முடிந்த பிறகு மறுபடி கூட்டத்துக்குக் காட்டலாம்.

மூன்று நாளில் இருபது கேம். எதிலும் செய்தவர் பெயர் இருக்காது. முதல் இரண்டு நாளும் அவள் நியாயமாகத்தான் விளையாடினாள். நல்லதை நல்லது என்றாள், குப்பையைக் குப்பை என்றாள். மூன்றாம் நாள் காலை பத்தொன்பதாவது கேமைத் திறந்தாள். வாடகைக்கு வீடு தேடும் ஒரு குடும்பம். ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்பதை வீட்டைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். சுவரில் ஆணி இருந்த தடம், குழந்தை உயரம் குறித்த பென்சில் கோடு, கழுவியும் போகாத ஒரு கறை. முதல் வீட்டின் கதவைத் தள்ளினாள்.

க்ர்ர்ரீஈஈச்.

அது அவள் வாய். பத்து வருடத்துக்கு முந்தைய அவளுடைய சொந்த வாய்! சுகந்திக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காது மடலெல்லாம் சூடானது. ‘அடிப்பாவி, பந்தியைத் தூக்கிக்கிட்டுப் போனது பத்தாதுன்னு என் கதவையும் தூக்கிட்டியா? மாத்தக்கூடத் தோணலையா உனக்கு?’ கேமை மூடிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். மதியச் சாப்பாடு வந்து ஆறிப்போனது. ஒன்பதாவது வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, முன்பு குடியிருந்த பெண் ஏன் போனாள் என்று தெரிந்த இடத்தில் சுகந்தி மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்தது. இப்படி ஒன்றைத் தன்னால் ஏழு ஜென்மத்துக்கும் செய்ய முடியாது என்று நினைத்தாள். நினைத்த மறு நொடி அந்த எண்ணத்தையே வெறுத்தாள். இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. பார்க்காமலேயே மூடினாள்.

பத்துக்கு எத்தனை மார்க் என்று திரை கேட்டது. ஒன்று போட்டாள். ‘மெதுவாகப் போகிறது’ என்று காரணம் எழுதினாள். கடைசியில் ஒரு படிவம் வந்தது. ‘எந்த கேமின் மீதாவது தங்களுக்குத் தனிப்பட்ட விருப்போ வெறுப்போ உண்டா?’

இல்லை என்று டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா இருநூற்று முப்பதாவது கல்யாணத்தில் இருந்தாள்.

அதன்பின் எட்டு மாதம் சுகந்தி உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். இருபத்தேழாவது வளைவு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. அந்த வளைவில் பஸ் பழுதாகி நின்றுவிடும். அதுவரை ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட அத்தனை பேரும் இறங்கி, பனியில் ஒன்றுமே தெரியாத பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கண்டக்டருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா நின்றால் போதும், ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள். அவளிடம் வேலை செய்த மூவரும் அதை விளையாடி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நடுவில் ஒரு செய்தி வந்தது. ரெபெக்காவின் ‘வாடகை வீடு’ கூட்டத்தில் தோற்றுவிட்டது. அரங்கு முதலீட்டை நிறுத்திவிட்டது. அவளிடம் வேலை செய்த நாற்பத்திரண்டு பேரில் முப்பது பேர் வீட்டுக்குப் போனார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், சுகந்திக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அன்று அம்மாவுக்கு அவளே தோசை வார்த்துக் கொடுத்தாள். மூன்றாவது தோசையைத் திருப்பும்போதுதான் அந்த முப்பது பேர் ஞாபகம் வந்தது. அதற்குள் தோசை தீய்ந்துவிட்டது.

அலமாரியும் மாற ஆரம்பித்தது. காசு உருளும் கேம், காசு கொட்டும் கேம், காசு பொறுக்கும் கேம். “இப்பல்லாம் ஒண்ணுமே மனசுல ஒட்ட மாட்டேங்குது கண்ணு” என்று அம்மாவே போனைக் கீழே வைத்துவிட்டாள். கூட்டத்தின் ரசனை மாறிவிட்டது என்று தொழிலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

‘நாற்பது வளைவு’ முடிந்தது. காட்டினாள். ஹரிபிரசாத் மார்க்கைச் சொல்லத் தயங்கினான்.

“ஒம்பது மேடம்.”

“தொண்ணூறா?”

“ஒம்பது.”

ஹரிபிரசாத் திரையைத் திருப்பிக் காட்டினான். “எனக்கே புரியல. இதைப் பாருங்க, தலைநிழல் விளையாடினது. உங்க கேமைக் கீழ வைக்கவே மாட்டேங்குது. விட்டு விட்டு மறுபடி வருது. இருபத்தேழாவது வளைவுல மூச்சைப் பிடிச்சுக்குது. நாடி எகிறுது. இவ்வளவும் பண்ணிட்டு மார்க் மட்டும் போட மாட்டேங்குது. ‘மெதுவாகப் போகிறது’னு காரணம் வேற.”

திரையில் ஏறி இறங்கிய அந்த நாடிக் கோடுகளை அவளுக்குத் தெரியும். ஆறிப்போன மதியச் சாப்பாட்டின் பக்கத்தில், பத்தொன்பதாவது கேமின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்த கோலம் அது. “இந்தத் தலைநிழலு…”

“உங்களோடதுதான் மேடம். இந்த வருஷத்துக்குப் புதுசு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பழசு, சொல்லு எடுபடாது. அம்பது லட்சமும் உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டிருக்கு.”

அவள் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறாள்? இருபது கேமில் அவள் மூச்சு நின்றது அந்த ஒன்றில்தான். மூச்சு நின்றால், கண் நிறைந்தால், இது என்னால் முடியாதே என்று வயிறு எரிந்தால், அந்த இடத்தில் ஒன்று போடு. நிழலுக்கு ரெபெக்கா யார், சுகந்தி யார் என்றெல்லாம் தெரியாது. நல்ல கேமைப் பார்த்தால் எரிய வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக மார்க் போடும். ஒருத்தி வேண்டுமென்றே அள்ளிப் போட்ட உப்பு, அண்டா முழுக்கக் கரித்துப்போய்விட்டது. அவளுடைய இலைக்கும் அதே அண்டாவிலிருந்துதான் பரிமாறியிருக்கிறார்கள்.

“இதுக்கு என்ன பண்றதுங்க?”

“ரெண்டு வழி இருக்கு. அந்த இருபத்தேழாவது வளைவை எடுத்துடுங்க. அங்கங்க கொஞ்சம் காசு கொட்ட விடுங்க. கண்டிப்பா எழுபது தாண்டும். இன்னொரு வழி…” அவன் குரலைத் தாழ்த்தினான். “உப்புப் பார்த்தவங்களே எழுதிக் குடுத்தா அந்த வருஷப் பதிவை எடுத்துடலாம். ஆனா காரணம் எழுதணும். பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு நகல் போகும். படிவத்துல பொய் சொன்னதா ஆயிடும், அதனால உங்க கேமை மூணு வருஷத்துக்கு எங்க அலமாரில வைக்க முடியாது. யாரு மேடம் அப்படி எழுதுவா?”

யார் எழுதுவார்கள்? சுகந்தி வளைவை எடுத்தாள். காசு கொட்ட விட்டாள். அவளிடம் வேலை செய்த மூவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுபத்தொன்று வந்தது. ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்து சேர்ந்த அன்றுதான் ரெபெக்கா போன் செய்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவை.

காந்திபுரத்தில் கல்லூரிக் காலத்து பேக்கரியிலேயே உட்கார்ந்தார்கள். ரெபெக்கா இளைத்திருந்தாள். சுற்றி வளைக்காமல் ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஆபீஸ காலி பண்ணியாச்சுட்டி. ‘வாடகை வீட்ட’ நானே தனியா வெளியிடப் போறேன். முந்நூறு பேரு வெளையாடுனாலும் போதும். அதுல ஒஞ் சத்தம் ஒண்ணு இருக்கு. அந்தக் கதவு. கையெழுத்துப் போட்டுத் தருவியா? நான் மொதல்லயே கேட்டிருக்கணும். ஒன்ட்ட பேசவே பயமாட்டு இருந்துச்சு.”

“மாத்த மறந்துட்டியா?”

“மறக்கவா? நாப்பது கதவுச் சத்தம் வாங்கிப் போட்டுப் பாத்தேன். நெசக் கதவு ஒண்ணுகூட அப்படி அழல. கேம் பண்ணுனவங்க பேருல ஒம் பேரத்தான் மொதல்ல போட்டிருக்கேன். கடேசி வீடு முடிஞ்சதும் வரும்.”

சுகந்தி பார்க்காமல் மூடிய அந்த மூன்று வீட்டுக்கு அப்புறம். டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இனி மறைக்க முடியாது என்று தோன்றியதும் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. உப்புப் பார்த்தது, பத்தொன்பதாவது கேம், ஒரு மார்க், டிக் அடித்தது, தனக்கு வந்த ஒன்பது, இருபத்தேழாவது வளைவு, எழுபத்தொன்று, பையிலிருக்கும் ஒப்பந்தம்.

ரெபெக்கா அசையவில்லை. “முப்பது பேருட்டி” என்றாள் மெதுவாக. “ஒருத்தன் பைக்க வித்துட்டு ஊருக்குப் போனான்.” சுகந்தி தலை நிமிரவே இல்லை. பக்கத்து மேசையில் யாரோ பப்ஸ் கேட்டு, வாங்கி, தின்று முடித்தார்கள்.

பிறகு ரெபெக்கா, அடக்க முடியாமல், கேட்டாள். “எத்தன மணி நேரம் வெளையாடுன?”

“நாலரை.”

“சோறு திங்கலியா?”

“இல்ல.”

“மாடிப்படிக்குக் கீழ…”

“மூச்சே நின்னுபோச்சுடி.”

ரெபெக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கும்போதே முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. ஓடி மறைந்தது.

“உனக்குக் கூட்டம் எத்தனை போட்டுச்சு?” என்றாள் சுகந்தி.

“எனக்கா? நாலு.”

நாலு! தனக்கோ ஒன்பது. குறையக் குறையத்தானே உயர்த்தி? அவளுடைய சொந்த நிழலே, அவளுடைய கேமைவிட ரெபெக்காவின் கேமைப் பார்த்துத்தான் அதிகமாக எரிந்திருக்கிறது. சுகந்தியின் அடிவயிறு பழையபடி கபகபவென்றது. இந்த முறை அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பையைத் திறந்தாள். ஒப்பந்தத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்கடியில் மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்தாள். யார் எழுதுவார்கள் என்று ஹரிபிரசாத் கேட்ட அன்றே அதை வாங்கி வைத்திருந்தாள். ஏன் வாங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ‘பதிவைத் திரும்பப் பெறக் காரணம்’ என்ற இடத்தில் ‘பொறாமை’ என்று எழுதினாள். அதை இதற்கு முன் எங்கேயும் எழுதியதில்லை, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. மூன்று வருட விலக்குக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அதற்குக் கீழே கடைசிக் கேள்வி: ‘சம்பந்தப்பட்ட கேமுக்குத் தங்கள் உண்மையான மதிப்பெண், பத்துக்கு.’

பேனா அங்கே நின்றுவிட்டது. ரெபெக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஒம்பது போட்டாலும் போதும்ட்டி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“நீ சித்த பேசாம இரு” என்றாள் சுகந்தி. “கை மாத்திப் போட்டுரும்.”

பத்து என்று எழுதினாள். எழுதி முடிக்கும் வரை எரிந்துகொண்டுதான் இருந்தது.